குளியலறைத் தரையும் மொகஞ்சதாரோவும்

அம்மா காரைக்குடியிலிருந்து பெங்களூருக்கே வந்துவிடப் போகிறார். வயது 75. எங்கள் குளியலறையிலோ வழுவழு டைல்ஸ்!

ஆத்தங்குடிக் கல் பதிக்கத்தான் ஆசை. ஆனால் அது கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பது. பளபளப்புதான் அதன் அழகு. ஈரக்காலுக்கு ஆகாது.

மொகஞ்சதாரோவில் 1925-26-ல் தோண்டியெடுத்த பெருங்குளத்துக்குச் சுமார் 4500 வயது. அதன் தரையில் செங்கற்களைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, ஜிப்சம் சாந்தில் நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய, தென்மேற்கு மூலைக்குச் சரிவு. வீட்டுக் குளியல் மேடைகளிலும் இதே சங்கதிதான்: சின்னச் செங்கல், சரிவு, வடிகால்.

துண்டு சிறிதானால் சரிவோடு இசைந்து போகும். கடைக்காரர் இரண்டடி டைல்ஸையே காட்டினார். நான் இரண்டு அங்குல மேட் மொசைக் கேட்டு வாங்கினேன். இடையில் வரும் சாந்துக் கோடுகள் பாதத்தைப் பிடிக்குமே. ஒட்டும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சரிவைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், மேஸ்திரியிடம்.