தொலைவழிச் சேவையகம் முடங்குவது எப்படி?

வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்ப்பது இன்று சாதாரணம். தொலைவிலிருந்து வருபவரை அடையாளம் கேட்டு உள்ளே விடும் மென்பொருளே தொலைவழி அணுகல் சேவையகம். விண்டோசில் ‘ரிமோட் டெஸ்க்டாப்’, லினக்சில் ‘ஓப்பன்எஸ்எஸ்எச்’ ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன.

இவற்றை உள்ளே நுழையாமலேயே முடக்க முடியும். அதுவே சேவை மறுப்புத் தாக்குதல். இதில் தரவு திருடுபோவதில்லை. ஆனால், சம்பளக் கணக்கை முடிக்க வேண்டிய நாளில் உரியவருக்கே கதவு திறக்காது.

<b>இரண்டு வழிகள்</b>

முதலாவது, ஏராளமான கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவிப்பது. சிங்கப்பூரில் 2023 நவம்பர் 1ஆம் தேதி பொது மருத்துவமனைகளின் இணையத்தளங்கள் இப்படித்தான் பல மணி நேரம் முடங்கின. நோயாளிகளின் தரவு பாதிக்கப்படவில்லை.

இரண்டாவது, மென்பொருளில் உள்ள குறையைப் பயன்படுத்துவது. இதற்குப் பெரும் படை தேவையில்லை. சில வேளைகளில் ஒரே கணினி போதும்.

<b>16 பைட்டுக்கு 256 பைட்</b>

ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருந்த அத்தகைய குறை 2025 பிப்ரவரி 18ஆம் தேதி வெளியானது. கண்டுபிடித்தது குவாலிஸ் நிறுவனம். குறையின் எண் சிவிஇ-2025-26466.

கடவுச்சொல் கேட்கப்படும் முன்பே, 16 பைட் அளவுள்ள ‘பிங்’ செய்தியை எவரும் அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரிக்கச் சேவையகம் 256 பைட் நினைவகத்தை ஒதுக்கும். மறையாக்கச் சாவிப் பரிமாற்றம் முடியும்வரை அந்த இடம் விடுவிக்கப்படாது. பரிமாற்றத்தை முடிக்காமல் ‘பிங்’ அனுப்பிக்கொண்டே இருந்தால் நினைவகம் நிரம்பும், செயலியும் திணறும்.

9.5பி1 முதல் 9.9பி1 வரையிலான பதிப்புகளில் இக்குறை உண்டு. 9.9பி2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது.

<b>தற்காலிகத் தீர்வின் விலை</b>

2024 ஜூலையில் இதே மென்பொருளில் ‘ரெக்ரெஷன்’ எனும் கடுமையான குறை தெரியவந்தது. உடனே மேம்படுத்த இயலாதவர்கள் ‘லாகின்கிரேஸ்டைம்’ அமைப்பைச் சுழியமாக்கலாம் என அறிவுறுத்தப்பட்டது. அப்படிச் செய்தால் ஊடுருவலைத் தடுக்கலாம். ஆனால், அடையாளம் காட்டாத இணைப்புகள் காலவரம்பின்றிக் காத்திருக்கும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை அவையே நிரப்பிவிட்டால் மற்றவர் நுழைய முடியாது. ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே சேவை மறுப்புக்கு வழிவிட்டது.

<b>செய்ய வேண்டியவை</b>

* மென்பொருளை மேம்படுத்துங்கள். அன்று லாகின்கிரேஸ்டைமைச் சுழியமாக்கியிருந்தால், மேம்படுத்தியபின் பழைய நிலைக்கு மாற்றுங்கள். வழக்கமான அளவு 120 விநாடி.
* ஒரே முகவரியிலிருந்து வரும் தொல்லையைத் தடுக்கும் ‘பெர்சோர்ஸ்பெனால்டிஸ்’ வசதி 9.8 பதிப்பு முதல் உண்டு. அது இயங்குகிறதா எனப் பாருங்கள்.
* ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். விபிஎன் வழியாக மட்டும் அனுமதியுங்கள். தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.
* தொலைவழி முடங்கினால் நேரில் சென்று கணினியை இயக்கக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

தாக்குதல் நடந்தால் மலேசியாவில் சைபர்999 உதவி மையத்திடமும் சிங்கப்பூரில் சிங்செர்ட் அமைப்பிடமும் புகார் அளிக்கலாம்.