அறுபத்து மூன்று: எண்ணும் எண்ணப்பட்டோரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சிவன் கோயில் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். திருச்சுற்றில் நாயன்மார் திருமேனிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு வந்ததும் ஒரு மாணவி அவற்றை எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்தபின், "ஐயா, ஏன் 63? 60 என்றோ 64 என்றோ இருந்தால் ஆகாதா?" என்று கேட்டாள். கணிதத்தில் சிறிது பயிற்சி உண்டு என்ற துணிவில் நான் உடனே விடை கூறினேன். ஆறு இரண்டுகளைத் தம்முள் பெருக்கினால் 64 வரும். அதில் ஒன்று குறைந்தால் 63. நம் முன்னோர் இந்த நுட்பத்தை அறிந்தே அடியார் தொகையை அமைத்தனர் என்றேன். அவள் அதனை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியதைக் கண்டபோதுதான் எனக்கு உறுத்தியது. நான் சொன்னதில் கணிதம் சரி, வரலாறு பிழை. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் பொருட்டுத் தேடியவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கணிதத்தில் 63 பிறக்கும் வழி எளியது. அறுசுவையை எடுத்துக்கொள்வோம்: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கைப்பு, துவர்ப்பு. இவற்றைத் தனித்தனியே கொண்டால் 6. இரண்டிரண்டாகக் கூட்டினால் 15. மும்மூன்றாகக் கூட்டினால் 20. நான்கு நான்காக 15, ஐந்தைந்தாக 6, ஆறும் ஒருங்கே சேர்ந்தால் 1. ஆக மொத்தம் 63. இதனை இன்னொரு வகையாலும் காணலாம். ஓர் உணவில் ஒவ்வொரு சுவையும் இருக்கலாம், இல்லாதிருக்கலாம். ஆறு சுவைக்கும் இவ்வாறு இரண்டு நிலைகள் உள்ளமையால் 64 வாய்ப்புகள் உண்டாகின்றன. எச்சுவையும் இல்லாத ஒரு வாய்ப்பை நீக்கினால் எஞ்சுவது 63.

இந்தக் கணக்கு இந்திய நூல்களில் மிகப் பழையது. மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் சுவைகளின் 63 வகைகளைப் பகுத்துரைக்கிறது. அவ்வாறு பகுத்துரைக்கும் அதிகாரமே அப்பகுதியின் 63ஆம் அதிகாரமாக அமைந்திருக்கிறது. தற்செயலா, தொகுத்தவரின் குறும்பா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன். கி.பி. 850ஐ ஒட்டிக் கணித சார சங்கிரகத்தை இயற்றிய மகாவீரர், பல பொருள்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வகைகளைக் காண்பதற்குரிய பொதுவிதியைக் கூறிவிட்டு, அதற்கு எடுத்துக்காட்டாக அறுசுவையையே தருகிறார். 1150இல் எழுதப்பட்ட பாஸ்கரரின் லீலாவதியும் இதே வினாவை எழுப்புகிறது. எட்டு வாயில்கள் கொண்ட அரண்மனையில் ஒன்றோ பலவோ திறந்திருக்கும் வகைகள் எத்தனை, ஆறு சுவைகளின் கலப்புகள் எத்தனை என்று அவர் அடுத்தடுத்துக் கேட்கிறார். முன்னதற்கு விடை 255, பின்னதற்கு 63.

63க்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அஃது அண்மைக்காலக் கணிதம் கண்டது. இரண்டின் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 3, 7, 15, 31, 63, 127, 255, 511 என ஒரு வரிசை கிடைக்கும். இவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள எந்த எண்ணையும் வகுக்காத ஒரு புதிய பகா எண்ணைத் தன் காரணியாகக் கொண்டு வருகிறது. 15இல் 5 புதிது. 31 தானே புதிது. 255இல் 17 புதிது. 511இல் 73 புதிது. 63இல் மட்டும் புதியது எதுவும் இல்லை. அதன் காரணிகள் 3, 3, 7. மூன்றும் ஏழும் வரிசையின் தொடக்கத்திலேயே வந்துவிட்டவை. முடிவின்றி நீளும் அவ்வரிசையில் இவ்வாறு வெறுங்கையோடு வரும் எண் இஃது ஒன்றே என்பதை 1886இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாங் நிறுவினார். 1892இல் சிக்மொண்டி அதனை மேலும் விரிந்த தேற்றமாக்கினார். வகுப்பில் பத்து நிமிடத்தில் மாணவரே வரிசையை எழுதிப் பார்த்துவிடலாம்.

ஆறையும் மூன்றையும் கூட்டினால் ஒன்பது வருகிறதே என்று சிலர் வியப்பர். 9இன் மடங்கு எதுவாயினும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 9இன் மடங்காகவே வரும். நாம் பத்தின் அடிப்படையில் எண்ணுவதால் விளைவது அது. மேலும், பழைய தமிழ் எண் முறையில் இவ்வெண்ணை ௬௰௩ என்று எழுதுவர். ஆறுக்கும் மூன்றுக்கும் இடையே பத்துக்குரிய குறி நிற்கும். நாயன்மார் தொகை உருவான காலத்துத் தமிழர் கண்ட வடிவம் இதுவே. ஆகவே இந்த ஒன்பதை நம்பி மெய்யியல் மாளிகை எதனையும் எழுப்ப வேண்டா.

இனி வரலாற்றுக்கு வருவோம். கணித சார சங்கிரகத்தை எழுதிய மகாவீரர் சமண சமயத்தவர். தம் நூலின் தொடக்கத்தில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரை அவர் போற்றுகிறார். அம்மன்னரின் மதிப்பைப் பெற்ற மற்றொரு சமணப் பெரியார் ஜினசேனர். ஆதிபுராணத்தைத் தொடங்கியவர் அவர். அவர் விட்ட இடத்திலிருந்து மாணவர் குணபத்திரர் தொடர்ந்து உத்தரபுராணத்தையும் பாடி முடித்தார். இரண்டும் சேர்ந்த மகாபுராணத்தின் பொருள் அறுபத்து மூன்று சலாகா புருஷர், அதாவது பெருமக்கள் அறுபத்து மூவரின் வரலாறு. 24 தீர்த்தங்கரர், 12 சக்கரவர்த்திகள், 9 பலதேவர், 9 வாசுதேவர், அவர்களின் பகைவராகிய 9 பிரதிவாசுதேவர் ஆகியோர் அவர்கள். காலச் சுழற்சியின் ஒவ்வோர் அரைப்பகுதியிலும் இந்தத் தொகையினரே தோன்றுவர் என்பது சமணர் கொள்கை. நம் மாணவர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று: இராமன் அங்கே பலதேவருள் ஒருவன், இலக்குவன் வாசுதேவன், இராவணன் பிரதிவாசுதேவன். மூவருமே அறுபத்து மூவருள் அடங்குவர்.

ஒரே மன்னரின் காலத்தில், ஒரே சமயத்தைச் சார்ந்த அறிஞர் இருவர் கையில் 63 இவ்வாறு இருவேறு வகையாக வாழ்ந்தது. மகாவீரரின் 63 ஆறு பொருள்களின் கூட்டங்களிலிருந்து தானே விளைவது. வேறு எவ்வெண்ணாகவும் இருக்க இயலாதது. ஜினசேனரின் 63 அத்தகையதன்று. அஃது ஐந்து வகுப்பினரைக் கூட்டிய தொகை. அதில் ஆறுக்கு வேலையே இல்லை. அத்தொகை எப்போதும் 63ஆக இருந்ததும் இல்லை. சமண மரபின் பழைய வழக்கில் பெருமக்கள் 54 பேர். பகைவர் ஒன்பதின்மர் அக்கணக்கில் சேரவில்லை. 9ஆம் நூற்றாண்டில் சீலாங்கர் பிராகிருதத்தில் எழுதிய பெருமக்கள் வரலாறு 54 என்ற எண்ணையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது. பகைவரையும் பெருமக்களாக எண்ணத் துணிந்தபோதுதான் 54ஓடு 9 சேர்ந்து 63 ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டில் குசராத்தில் ஏமசந்திரர் தம் பெருநூலை இயற்றியபோது அந்த எண் அசையாத மரபாகிவிட்டிருந்தது.

இப்போது திருவாரூருக்குச் செல்வோம். சுந்தரமூர்த்தி நாயனார் அங்கே பாடிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களையே உடையது. தாம் வணங்கும் அடியார்களை ஒருவர்பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தம்மை அவர்களுக்கு அடியேன் என்கிறார் அவர். அப்பாடல்களில் அவர் வணங்கும் தனியடியார் 60 பேர். குழுவாகச் சுட்டும் தொகையடியார் 9. அறுபத்து மூன்று என்ற எண்ணைச் சுந்தரர் எங்கும் கூறவில்லை. அவர் நோக்கில் அஃது எண்ணிக்கையன்று, வணக்கம். கடைசிப் பாடலில், சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவன் எனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு முடிக்கிறார். பாடியவர் தம் பெயரை முத்திரையாக வைப்பது பதிக மரபு.

சோழர் காலத்தில் நம்பியாண்டார் நம்பி அத்தொகையை விரித்துத் திருத்தொண்டர் திருவந்தாதி பாடினார். வணங்கியவரும் வணங்கத்தக்கவரே, அவரைப் பெற்றோரும் அவ்வாறே எனக் கொண்டு சுந்தரரையும் சடையனாரையும் இசைஞானியாரையும் அடியார் வரிசையில் சேர்த்தார். 60 என்பது 63 ஆயிற்று. சமணத்தில் 54ஓடு 9. சைவத்தில் 60ஓடு 3. இரு மரபுகளும் வெவ்வேறு படிகளில் ஏறி ஒரே தளத்தை அடைந்தன.

இஃது எவ்வாறு நேர்ந்தது? சமணரின் அறுபத்து மூவர்க்கு எதிராகவே சைவர் தம் அறுபத்து மூவரை அமைத்தனர் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். உமாபதி சிவாசாரியர் கூறும் சேக்கிழார் வரலாறு இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. சோழ மன்னன் அநபாயன் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் தோய்ந்திருந்ததைக் கண்ட அமைச்சர் சேக்கிழார், சிவனடியார் வரலாறு இருக்க இஃது எதற்கு என இடித்துரைத்தார். அதன் பயனாகவே பெரியபுராணம் பிறந்தது என்பது அவ்வரலாறு. அந்தச் சீவகனின் கதையும் குணபத்திரரின் உத்தரபுராணத்தில் இடம்பெற்றதே. எனவே இரு மரபுகளும் ஒன்றையொன்று நன்கு அறிந்திருந்தன என்பதில் ஐயம் வேண்டா.

ஆயினும் 'எதிராக அமைத்தனர்' என்ற கூற்றை நான் பாதி அளவே ஏற்பேன். அறுபதின்மர் பெயர்களும் சுந்தரர் வாக்கிலிருந்து வந்தவை. எந்தச் சமண நூலிலிருந்தும் எடுத்தவை அல்ல. மேலும், சமணரின் அறுபத்து மூவர் தீர்த்தங்கரரும் பேரரசரும் வீரரும் ஆவர். சைவரின் பட்டியலிலோ அரசரும் அந்தணரும் உளர். குயவராகிய திருநீலகண்டர், வேடராகிய கண்ணப்பர், மீனவராகிய அதிபத்தர், துணிவெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், செக்காடிய கலியர், நெய்தலே தொழிலாகக் கொண்ட நேசர் ஆகியோரும் உளர். கடைசி மூவரைச் சேர்த்து எண்ணை நிறைவித்தபோது, நாடறிந்த 63 என்ற தொகை நம்பியின் மனத்தில் இருந்திருக்கலாம் என்று மட்டும் நான் எண்ணுகிறேன்.

அந்த நிறைவால் விளைந்த நன்மை ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அறுபதின்மருள் பெண்கள் இருவரே: காரைக்கால் அம்மையாரும் மங்கையர்க்கரசியாரும். மூன்றாமவராக இசைஞானியார் வந்தது 63இன் வழியாகத்தான். பெரியபுராணத்தில் சடையனாருக்கும் அவருக்கும் ஒவ்வொரு பாடலே உண்டு. அம்மையார் பேயுருக் கொண்டு கயிலைக்குத் தலையால் நடந்ததையும், மங்கையர்க்கரசியார் பாண்டி நாட்டில் சைவத்தைக் காத்ததையும் விரித்துப் பாடிய சேக்கிழார்க்கு, இவரைப் பற்றிச் சொல்ல மகனைப் பெற்றார் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது. இருந்தாலும் கோயில் வரிசையில் அவருக்கும் ஒரு பீடம் உண்டு. அவர்க்கும் மலர் சாத்தப்படுகிறது.

12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சியில் சேக்கிழார் அறுபத்து மூவரைப் பாடுகிறார். குசராத்தில் ஏமசந்திரர் வேறோர் அறுபத்து மூவரை எழுதுகிறார். 1150இல் பாஸ்கரர் அறுசுவையின் கூட்டங்களைக் கேட்டு 63 என விடை தருகிறார். அதன்பின் இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறு சிறு சிறு சிற்பங்களாகக் கல்லில் ஏறுகிறது; யார் எவர் என அறிய எழுத்துப் பொறிப்பும் உடன் வருகிறது. ஒரு தலைமுறைக்குள் ஒரே எண் இத்தனை இடங்களில் தலைகாட்டியதைக் கண்டு ஒரே மறைபொருள் இவற்றை இணைக்கிறது என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் அந்த மாணவியிடம் சொன்னேன். பாஸ்கரரின் எண் பெருக்கலின் பிள்ளை. மற்றவை, தம் பெருமக்களுள் யாரைச் சேர்ப்பது என்று மனிதர் எடுத்த முடிவுகளின் பிள்ளைகள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சமணரின் 63 மூடிய தொகை. ஓர் அரைச் சுழற்சிக்கு அத்தனை பேரே. சைவரின் 63ஐச் சொல்லும்போது ஒன்பது தொகையடியாரை நாம் மறந்துவிடுகிறோம். அவர்களையும் சேர்த்தால் 72. அந்த ஒன்பதும் தலை எண்ணக்கூடிய குழுக்கள் அல்ல. தில்லைவாழந்தணரை மரபு மூவாயிரவர் என்கிறது. திருவாரூர்ப் பிறந்தார் எத்தனை பேர்? பரமனையே பாடுவார் எத்தனை பேர்? கணக்கரும் எண்ணார். ஒன்பதில் ஒரு குழுவின் பெயர் அப்பாலும் அடிச்சார்ந்தார். சேக்கிழார் அவர்களுக்கு ஒரே பாடல் பாடி, 'அப்பால்' என்பதற்கு இருவகையாகப் பொருள் விரிக்கிறார். மூவேந்தரின் தமிழ் வழங்கும் நாட்டுக்கு அப்பால் உள்ளவர் என்பது இடத்தால் கொள்ளும் பொருள். திருத்தொண்டத்தொகையில் பாடப்பெற்ற அடியார் காலத்துக்கு முன்னும் பின்னும் வாழ்பவர் என்பது காலத்தால் கொள்ளும் பொருள்.

அந்த மாணவியை மீண்டும் சந்திக்க நேர்ந்தால் 64இலிருந்து ஒன்றைக் கழிக்க மாட்டேன். 60ஓடு மூவரைக் கூட்டிய கதையைச் சொல்வேன். பிறகு கடைசித் திருமேனியைத் தாண்டி, வெறுமையாக இருக்கும் சுவரையும் அவளுக்குக் காட்டுவேன். மூவேந்தர் நாட்டிலிருந்து கடல் கடந்து நிற்கும் நம் ஊர், சேக்கிழார் சொன்ன அந்த 'அப்பால்' பகுதியில்தான் இருக்கிறது.