கிருமி வேட்டை – 9
சென்னையில் பிடிபட்ட கருநோய்

மலேரியா கொசுவால் பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ராஸ் தவறாகக் கணித்த ஒரு காய்ச்சலின் கதை இந்த வாரம்.

1880-களில் அசாமைச் சூறையாடியது அந்தக் காய்ச்சல். வந்தால் மாதக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். கை, கால் குச்சியாகும். தோல் கறுக்கும். அதனால் ‘காலா அசார்’, கருநோய் என்றார்கள். மலேரியாவுக்குக் கைகண்ட மருந்தான கொய்னா இதனிடம் பலிக்கவில்லை. காய்ச்சல் புகுந்த கிராமங்களில் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள்.

முதலில் விசாரிக்கப் போன டாக்டர் ஜைல்ஸ், கொக்கிப்புழுதான் காரணம் என்றார். ஆனால் நலமாக நடமாடியவர்களின் குடலிலும் அதே புழு இருந்தது. அடுத்துப் போன லியோனார்டு ராஜர்ஸ் இதை வீரியம் மிகுந்த மலேரியா என்றார். ராஸும் அதையே ஆமோதித்தார்.

விடை 1903-ல் சென்னையில் கிடைத்தது. கல்கத்தாவில் பிறந்த அயர்லாந்துக்காரரான சார்லஸ் டோனவன், சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர். ஜெனரல் ஆஸ்பத்திரியில் மருத்துவர். நாள்பட்ட மலேரியா என்று எழுதப்பட்டு இறந்தவர்களின் மண்ணீரலை அவர் ஆராய்ந்து வந்தார். ஏப்ரல் மாதம், மலேரியாக் கிருமியைப் போல் இல்லாத நுண்ணிய உருண்டைகள் சில அதில் தென்பட்டன.

அதே உருண்டைகளை இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் பார்த்திருந்தார். கல்கத்தாவை அடுத்த டம்டம் முகாமில் காய்ச்சல் கண்டு, ஊர் திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவை இருந்தன. மே 30 அன்று அவர் கட்டுரை வெளியானது. டிரிப்பனோசோம் என்ற வேறொரு ஒட்டுண்ணி, உடல் அழுகும்போது சிதைந்து இப்படித் தெரிகிறது என்பது அவர் ஊகம்.

அப்படியானால் உயிரோடு இருப்பவரிடம் இவை தென்படக் கூடாது. 1903 ஜூன் 17 அன்று, விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் டோனவன் ஊசி செலுத்தினார். வீங்கிய மண்ணீரலைக் குத்தினால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து உயிரே போகலாம். எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். நீள்வட்ட உடல், உள்ளே பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றுமாக இரண்டு புள்ளிகள். அதே உருண்டைகள்! உயிருள்ள உடலில் வாழும் தனிக் கிருமி இது என்பது உறுதியாயிற்று. அந்த ஆண்டே ராஸ் இருவரையும் சேர்த்து அதற்கு ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயரிட்டார்.

கிருமி கிடைத்துவிட்டது. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? 1904-ல் ராஜர்ஸ் நோயாளியின் மண்ணீரல் ரத்தத்தைச் சுமார் 22 டிகிரி குளிர்ச்சியில் வைத்திருந்தபோது, உருண்டைகள் சாட்டை போன்ற இழை முளைத்து நீந்தின. மனித உடல் சூட்டில் இந்த வடிவம் எடுப்பதில்லை. ஆகவே இடையில் ஏதோ ஒரு பூச்சி இருக்கவேண்டும். சென்னையில் பேட்டன் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்து ஆராய்ந்தார். பலனில்லை.

பிறகு சிண்டன் என்ற மருத்துவர், ஒருவகை மணல் ஈ வாழும் பகுதிகளும் கருநோய் பரவிய பகுதிகளும் பெரிதும் ஒத்துப்போவதைக் கவனித்தார். கொசுவைவிடச் சிறிய பூச்சி அது. நோயாளியைக் கடித்த ஈயின் குடலில் கிருமி வளர்வதை 1924-ல் கல்கத்தாவில் கண்டார்கள். ஆனால் அந்த ஈ கடித்து யாருக்கும் நோய் வரவில்லை. வழியைத் திறந்தது உலர்திராட்சை. ரத்தம் குடித்த ஈக்களுக்கு மறுபடி ரத்தம் தராமல் உலர்திராட்சை கொடுத்தபோது, கிருமிகள் பல்கிப் பெருகித் தொண்டைவரை அடைத்துக்கொண்டன. அத்தகைய ஈக்களைக் கொண்டு சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும், தாமாக முன்வந்த மனிதர்களிடம் நோய் தொற்றுவதை 1942-ல் நிரூபித்தார்கள். கிருமியிலிருந்து ஈ வரை வந்துசேர 39 ஆண்டுகள்!

நல்லவேளையாக, மருந்து அதற்காகக் காத்திருக்கவில்லை. கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவமனையில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-லேயே ‘யூரியா ஸ்டிபமைன்’ என்ற ஆன்டிமனி மருந்தை உருவாக்கிவிட்டார். பெருந்திரளான உயிர்களை அது மீட்டது.

மலேரியாவுக்காக 1950-களில் வீடுவீடாக டி.டி.டி. தெளித்தபோது, மண்சுவர் விரிசல்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் பதுங்கிய மணல் ஈக்களும் மடிந்தன. கருநோய் ஏறக்குறைய மறைந்தது. தெளிப்பு நின்றது, 1970-களில் பீகாரில் நோய் மீண்டும் தலைதூக்கியது. பலியானவர்கள் பெரும்பாலும் மண்சுவர் வீட்டு ஏழைகள். கிருமி, மருந்து, பரப்பும் பூச்சி மூன்றும் தெரிந்த பின்பு நேர்ந்த சாவுகள் அவை. அறிவியல் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. தவறியது அரசும் சமூகமும்தான்.

அடுத்த வாரம்: காலராவின் நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் டே.