சோழவரம் ஓடுபாதையும் செகண்ட் ஹேண்ட் டர்போவும்

ஜிஎன்டி ரோட்டில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவர்களுக்கு, செங்குன்றம் தாண்டினால் வருகிற சோழவரம் என்றால் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணி தர்ற ஊர், அவ்வளவுதான். ஆனா வீட்ல அறுபது வயசு தாண்டின கார் பைத்தியம் யாராவது இருந்தா, "சோழவரம்"னு சும்மா சொல்லிப் பாருங்க. அவர் தண்ணியைப் பத்திப் பேச மாட்டார். ரேஸைப் பத்திப் பேசுவார், ஒரு மணி நேரத்துக்குக் குறையாம :-)

இந்தப் பதிவு பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கி ட்யூன் பண்றதைப் பத்தி. அதுக்கு எதுக்கு சோழவரம்னு கேக்கறீங்களா? இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க.

ஓடுபாதை

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை. போர் முடிந்து சும்மா கிடந்த அந்த கான்கிரீட்டை சென்னைக்காரர்கள் விடவில்லை. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அதிலிருந்து 1980களின் கடைசி வரைக்கும் இந்தியாவில் கார் ரேஸ் என்றால் முதலில் வாயில் வந்த பெயர்களில் ஒன்று சோழவரம். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயமுத்தூர், ஏன் இலங்கையிலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள். சமஸ்தானத்து ராஜாக்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களோடு வந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரை இங்கே ஓட்டினார். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் சோழவரத்தின் கதை முடிந்தது.

எனக்கு இந்த ராஜா கார்களில் அவ்வளவு ஆர்வமில்லை. காசு இருந்தா வேகம் வரும், அதுல என்ன அதிசயம்? அதே ஓடுபாதையில் ஓடின ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அம்பாசடர் கதைதான் நமக்கு வேணும். லைசென்ஸ் ராஜ் காலம். புதுக் கார் புக் பண்ணினா வருஷக் கணக்கில் காத்திருக்கணும். ரேஸ் பாகங்களை இறக்குமதி செய்வது அதைவிடக் கஷ்டம். அதனால் வழி ஒன்றுதான்: பழைய கார் வாங்கு, புதுப்பேட்டையில் பாகம் தேடு, மீதியை லேத்தில் செய்.

அவங்க செஞ்ச வேலைகளைப் பாருங்க. சிலிண்டர் ஹெட்டை மில்லிமீட்டர் கணக்கில் சீவி கம்ப்ரஷனை ஏத்துவாங்க. காற்று போற வழியைத் தேய்ச்சு வழவழப்பாக்குவாங்க. கார்புரேட்டர் ஜெட்டை மாத்துவாங்க, முடிஞ்சா இரட்டைக் கார்புரேட்டர் வைப்பாங்க. கேம்ஷாஃப்டைச் செதுக்குவாங்க. பின்சீட்டைக் கழட்டி வீசுவாங்க. 1089 சிசி ஃபியட் இப்படித்தான் ஓடும் குதிரையாச்சு.

இதுல ஒரு பொதுவான விஷயம் இருக்கு. கார் கம்பெனி ஒரு என்ஜினை வடிவமைக்கும்போது ஓரமாகக் கொஞ்சம் தாங்கும் சக்தியை விட்டுவைக்கும். மட்டமான பெட்ரோல், மே மாத வெயில், ஆயில் மாத்தாத ஓனர், மலையேத்தம் எல்லாத்துக்கும் சேர்த்து. ட்யூன் பண்றதுன்னா அந்த மிச்சத்தை எடுத்துச் செலவு பண்றது. சோழவரத்துல அது தப்பே இல்ல. ஏன்னா என்ஜின் ஒரு வார இறுதி தாங்கினா போதும். திங்கட்கிழமை அதைப் பிரிச்சுப் பார்க்கப் போறது அதே ஆள்தான். செலவு பண்ணினவனும் அவனே, கணக்கு வெச்சவனும் அவனே, நஷ்டப்பட்டா அழறவனும் அவனே.

டால்ஃபினும் கரிவரதனும்

ஹேட்ச்பேக் என்று பார்த்தால் இந்தக் கதைக்கு ஒரு மூதாதை உண்டு. 1982ல் பெங்களூரில் சிபானி கம்பெனி டால்ஃபின் என்ற காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் நம்மூர் வடிவம். ஃபைபர் கிளாஸ் உடம்பு, 848 சிசி அலுமினிய என்ஜின். ரோட்டில் பெரிதாக விற்கவில்லை. ஃபைபர் காரா, இடிச்சா என்னாகும்னு ஜனங்க பயந்தாங்க. மறு வருஷமே மாருதி 800 வேற வந்துடுச்சு. ஆனால் எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ரேஸ், ராலி ஆட்கள் டால்ஃபினைத் தூக்கிக் கொண்டார்கள்.

அடுத்த ஆள் கோயமுத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தயப் பிரிவே அதிலிருந்து வந்தது. சாதாரண வீட்டுப் பையன்கள் ரேஸ் ஓட்ட முடிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1995ல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

டர்போ எப்ப வந்துச்சு?

புகைபோக்கியில் வீணாகிற வாயுவை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதனால் என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிப்பது டர்போ. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பெட்ரோல் காருக்கு வந்தது 1962ல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். என்ஜின் தட்டாமல் இருக்க அதற்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஊற்ற வேண்டும். ஜனங்க ஊத்த மறந்தாங்க, கதை முடிஞ்சுது. 1973ல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்தது. கூடவே எண்ணெய் நெருக்கடியும் வந்தது. 1977ல் ஸ்வீடனின் சாப் 99 டர்போவைக் காட்டிய பிறகுதான் தினசரி ஓட்டுகிற குடும்பக் காருக்கும் டர்போ ஒத்துவரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

பொட்டி தட்டுறவனுக்கு இதுல பிடிச்ச இடம் அடுத்தது. 1980களின் தொடக்கத்தில் அதே சாப் கம்பெனி ஒரு காரியம் செய்தது. என்ஜினில் நாக்கிங் சத்தத்தைக் கேட்கிற ஒரு சென்சார், அதைக் கேட்டுக் காற்றழுத்தத்தைக் குறைக்கிற ஒரு மின்னணுப் பெட்டி. அதாவது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று என்ஜினே அளந்து செலவு பண்ண ஆரம்பித்தது. ட்யூனிங் லேத்தை விட்டு எண்களுக்கு மாறியதற்கு நல்ல அடையாளமாக நான் இதைத்தான் சொல்வேன்.

திருவள்ளூருக்கு வருவோம்

1998ல் திருவள்ளூர் பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாராக ஆரம்பித்தது. அதே லான்சரின் டர்போ அவதாரமான எவல்யூஷன் அப்போது உலக ராலியில் டாமி மாக்கினெனை வரிசையாக சாம்பியனாக்கிக் கொண்டிருந்தது. நமக்கு வந்தது 1.5 லிட்டர் பெட்ரோலும் 2 லிட்டர் டீசலும். நம்மூர் ராலிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லான்சரையும் பின்னால் 2006ல் வந்த செடியாவையும் வைத்து தேசிய ராலியில் வெளுத்துக் கட்டினார்கள். டர்போ எவல்யூஷனை இங்கே விற்றது 2010ல்தான், அதுவும் முழுதாக இறக்குமதி செய்த காராக. நம்மில் பலர் அதைப் போஸ்டரில் பார்த்ததோடு சரி.

டர்போ ஹேட்ச்பேக் நம் கைக்கு எட்டியதற்குக் காரணம் ரேஸ் இல்லை, வரி. 2006 பட்ஜெட்டில் சின்னக் காருக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நிபந்தனை: நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்குள். என்ஜினைப் பெரிதாக்க முடியாது, சக்தி வேண்டும், அப்ப என்ன பண்றது? காத்தைத் திணி. 2013ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1197 சிசி, 105 பிஎஸ். 2017ல் பலேனோ ஆர்எஸ் 998 சிசி, 102 பிஎஸ். 2018ல் டாடாவும் கோயமுத்தூர் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்த டியாகோ ஜேடிபி 1199 சிசி, 114 பிஎஸ். வரிக் கோட்டை மீறின முரடன் 2015ல் வந்த அபார்த் புன்டோ: 1.4 லிட்டர், 145 பிஎஸ், பத்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே.

இந்த நாலும் இப்போது ஷோரூமில் கிடையாது. பலேனோ ஆர்எஸ்ஸும் ஜேடிபியும் 2020 பிஎஸ்6 விதிகளோடு போயின. போலோ 2022ல் நின்றது. ஆக, இதுல எது வேணும்னாலும் செகண்ட் ஹேண்ட்தான். சுத்திச் சுத்தி நாம சோழவரக் காலத்துக்கே வந்துட்டோம் பாருங்க.

நடுவில் ஒரு வேடிக்கை. லான்சர் செய்த அந்தத் திருவள்ளூர் ஆலை 2017க்குப் பிறகு பிரெஞ்சு பிஎஸ்ஏ குழுமத்தோடு கைகோத்தது. 2022ல் அங்கிருந்து சிட்ரோயன் சி3 வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 110 பிஎஸ், ஆறு கியர், என்ஜின் ஓசூர். லான்சர் எவல்யூஷனுக்கு ஏங்கின ஊர்ல கடைசியில டர்போ ஹேட்ச்பேக் பிறந்தது பிரெஞ்சுப் பேரோட. மெத்து மெத்துன்னு போற அந்தக் காரை ஹாட் ஹேட்ச்னு சொன்னா சண்டைக்கு வருவீங்க, தெரியும். இருந்தாலும் மண்ணின் மைந்தன் இல்லையா :-)

லேப்டாப் ட்யூனிங்

இன்னிக்கு ட்யூன் பண்றதுன்னா ஹெட்டைச் சீவ வேண்டாம். ஓபிடி பிளக்கில் லேப்டாப்பை மாட்டினா பல கார்களுக்கு அரை மணியில் ரீமேப் முடிஞ்சுது. ஜிடி டிஎஸ்ஐயின் 105 பிஎஸ்ஸை 130க்குப் பக்கத்தில் கொண்டு போவதாகச் சொல்வார்கள். 175 நியூட்டன் மீட்டர் டார்க் 220ஐத் தொடும். எங்கிருந்து வந்தது இந்தச் சக்தி? அதே பழைய மிச்சம்தான். அந்தக் காரின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி உலர் கிளட்ச் வகை. அதன் தாங்கும் அளவாகச் சொல்லப்படுவது 250 நியூட்டன் மீட்டர். முன்னாடி 75 மிச்சம் இருந்தது, இப்ப 30. அந்த 30ஐ வைத்துக்கொண்டு நாப்பது டிகிரி வெயிலில் மாதவரம் ரவுண்டானா டிராஃபிக்கில் கிளட்சை உரசி உரசி நகர வேண்டும்.

சீவின ஹெட்டை ஸ்கேல் வைத்து அளந்து கண்டுபிடிக்கலாம். சாஃப்ட்வேர் மாற்றத்தை? விற்பதற்கு முந்தின நாள் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் கார் "கம்பெனி கண்டிஷன்". சோழவரத்தில் செலவு பண்ணினவனும் நஷ்டப்பட்டவனும் ஒரே ஆள் என்றேன் இல்லையா? இப்ப செலவு பண்றவன் ஒருத்தன், கடனை அடைக்கறவன் இன்னொருத்தன். என்னைப் பொறுத்தவரை இந்த அறுபது எழுபது வருஷத்தில் மாறின பெரிய விஷயம் இதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற நண்பன் ஒருத்தன், ரெண்டு வருஷ ஓவர்டைம் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு ஜிடி டிஎஸ்ஐ பார்த்தான். பளபளன்னு வண்டி. "ஒரே ஓனர் சார், லேடி டாக்டர் ஓட்டினது" என்ற அதே பழைய வசனம். ஸ்கேனரை மாட்டினோம். ஒரு ஃபால்ட் கோட் கூட இல்லை. அவன் சிரிச்சான், எனக்கு இடிச்சுது. ஏன்னா காரின் கம்ப்யூட்டர் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றைத் தானே பரிசோதித்து "ரெடி" என்று குறித்து வைக்கும். நினைவை அழித்தால் இந்தக் குறிப்புகளும் பல கார்களில் அழிந்துவிடும். திரும்ப எல்லாம் நிரம்ப கொஞ்ச நாள் ஓட வேண்டும். இந்தக் காரில் ஒன்றுமே ரெடியில்லை. அதாவது சமீபத்தில் யாரோ துடைத்திருக்கிறார்கள். பேட்டரி கழட்டினோம்னு காரணம் சொன்னாங்க. இருக்கலாம். ஆனா சர்வீஸ் பில்லும் இல்லைன்னதும் நான் சொன்னேன், "மச்சான், வேணாம்டா. கல்வெட்டையே அழிச்சுட்டு நிக்கிறாங்க."

ரெண்டு மாசம் கழித்து, அதைவிட நிறம் மங்கின, நாப்பதாயிரம் ரூபாய் அதிகம் சொன்ன இன்னொரு வண்டியை வாங்கினான். ஆயில் மாத்தின பில் ஒவ்வொன்றும் ஃபைலில் இருந்தது. கணினியில் எத்தனை முறை ஃபைல் ஏற்றப்பட்டது என்ற கணக்கும் கம்பெனி அப்டேட்டோடு ஒத்துப்போனது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம், நீலப்புகை இல்லை. இன்டர்கூலர் குழாயில் ஆயில் கசிவு இல்லை. முதல் கியர், ரெண்டாவது கியர் மாறும்போது உதறல் இல்லை.

ட்யூன் பண்ணினானா? இன்னும் இல்லை. சட்டமும் ஒரு பக்கம் இருக்கு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தம் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும் என்கிறது. காப்பீட்டுக்காரங்க கேள்வி கேட்டா அது தனி. தடா ரோட்டில் காட்டுகிற வேகத்தை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை.

ட்யூன் பண்ணாதீங்கன்னு நான் சொல்லல மக்களே. ட்யூனிங் இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. பண்ணினா கணக்கை எழுதி வையுங்க: எப்ப, என்ன ஃபைல், எத்தனை கிலோமீட்டர். விக்கும்போது அந்தக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்க. விலை இருபதாயிரம் குறையும். ஆனா வாங்கறவன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சு வாங்குவான்.

டிஸ்கி: வீட்டில் சோழவரம் ரேஸ் பார்த்த அப்பா, சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். முடிந்தால் பழைய போட்டோக்களையும் ஸ்கேன் பண்ணிப் போடுங்கள். அதுவும் ஒரு சர்வீஸ் ரெக்கார்ட்தான்.