கிராண்ட் ஜூரின்னா என்ன? பிளீ டீல் ஏன் ஆபத்து? அமெரிக்க கோர்ட் செய்திகளைப் புரிந்துகொள்ள ஒரு கைடு!

'அமெரிக்காவில் கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டு', 'பிளீ டீலுக்கு ஒப்புதல்', 'ஃபெடரல் நீதிபதி தடை'. வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு செய்தி நம்ம செல்போனில் வந்து விழுகிறது. படித்து முடித்ததும், 'அப்போ அவருக்கு தண்டனை கிடைச்சிடுச்சா, இல்லையா?' என்ற கேள்விதான் மிச்சமாக நிற்கும். சில வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த கோர்ட்?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அமெரிக்காவில் ஒரே ஊரில் இரண்டு தனித்தனி நீதிமன்ற அமைப்புகள் இயங்குகின்றன. ஒன்று ஃபெடரல், அதாவது மத்திய அரசின் சட்டங்களுக்கானது. இன்னொன்று மாநில நீதிமன்றம். கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு என அன்றாட வழக்குகளில் பெரும்பாலானவை மாநில கோர்ட்டுக்குத்தான் போகும்.

ஃபெடரல் அமைப்பில் கீழ்மட்டத்தில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், அதற்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். இந்த நீதிபதிகளை அதிபர் பரிந்துரைப்பார், செனட் ஒப்புதல் கொடுக்கும். ஓய்வு வயது கிடையாது, விரும்பினால் ஆயுள் முழுக்க பதவியில் இருக்கலாம். மாநிலங்களில் கதையே வேறு. பல மாநிலங்களில் நீதிபதிகளே தேர்தலில் நின்று ஓட்டு கேட்பார்கள். அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட அட்டர்னியும் பெரும்பாலும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நியூயார்க் மாநிலத்தில் விசாரணை நீதிமன்றத்தின் பெயரே 'சுப்ரீம் கோர்ட்'. அங்கே உச்சியில் இருப்பது 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'. 'நியூயார்க் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு' என்று தலைப்பு வந்தால், அது முதல்கட்ட கோர்ட்டின் தீர்ப்பாகவே இருக்கும்.

இந்த இரட்டை அமைப்பால் என்ன வித்தியாசம் என்று கேட்டால், டிரம்ப் வழக்குதான் சரியான உதாரணம். 2024 மே 30-ம் தேதி அவரைக் குற்றவாளி என்று சொன்னது நியூயார்க் மாநில நீதிமன்றத்தின் ஜூரி. அதிபரின் மன்னிப்பு அதிகாரம் ஃபெடரல் குற்றங்களுக்கு மட்டும்தான். அதனால் மீண்டும் அதிபர் ஆன பிறகும், இந்த வழக்கில் தனக்குத்தானே மன்னிப்பு கொடுத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இண்டைட்மென்ட்: தண்டனை இல்லைங்க!

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வார்த்தை இது. கிராண்ட் ஜூரி என்பது பொதுமக்களில் இருந்து தேர்வான குழு. ஃபெடரல் வழக்குகளில் 16 முதல் 23 பேர் இருப்பார்கள். அரசுத் தரப்பு சொல்வதை மட்டும் ரகசியமாகக் கேட்டு, 'வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கு' என்று குறைந்தது 12 பேர் சொன்னால் இண்டைட்மென்ட், அதாவது முறையான குற்றச்சாட்டு பதிவாகும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அங்கே வாதாட இடமில்லை. குற்றம் உறுதியானதாக இதற்கு அர்த்தம் கிடையாது, வழக்கு தொடங்குகிறது என்பது மட்டுமே.

அடுத்தது அரெய்ன்மென்ட். குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, 'ஒத்துக்கிறீங்களா, மறுக்கிறீங்களா?' என்று நீதிபதி கேட்கும் கட்டம். மறுத்தால் விசாரணை. அதில் வருவது வேறு ஜூரி, கடும் குற்ற வழக்குகளில் பெரும்பாலும் 12 பேர். குற்றவாளி என்று சொல்ல அத்தனை பேரும் ஒருமனதாக இருக்க வேண்டும். எல்லா மாநிலங்களுக்கும் இது கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-ல்தான் உறுதி செய்தது. உடன்பாடு வரவில்லை என்றால் 'ஹங் ஜூரி'. அப்போது அரசு திரும்பவும் வழக்கு நடத்தலாம். ஆனால் 'குற்றவாளி இல்லை' என்று ஜூரி சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, அரசு அப்பீல் போக முடியாது. இந்தியாவில் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம் என்பதால், நமக்கு இது கொஞ்சம் புதுசாகத் தெரியும்.

குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி சொல்லும். தண்டனை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் நீதிபதி முடிவு செய்வார். இடையில் மாதங்கள் ஓடலாம். டிரம்ப்புக்கு தண்டனை நாள் வந்தது 2025 ஜனவரி 10. ஜெயில், அபராதம் எதுவும் இல்லாமல், தீர்ப்பு மட்டும் பதிவானது.

அங்கே விடுதலை, இங்கே நஷ்டஈடு

ஓ.ஜே.சிம்ப்சன் வழக்கு ஞாபகம் இருக்கா? 1995-ல் கொலை வழக்கில் விடுதலை. 1997-ல் அதே மரணங்களுக்காக குடும்பத்தினர் போட்ட சிவில் வழக்கில் 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி தீர்ப்பு. முரண்பாடாகத் தெரிந்தாலும் முரண்பாடு இல்லை. கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவிலில் தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே போதும். சிவிலில் தோற்றவரை 'லயபிள்' என்பார்கள், அதாவது பொறுப்பாளி. குற்றவாளி என்று எழுதுவது தப்பு.

கைதானால்?

'பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று ஹாலிவுட் படங்களில் போலீஸ் சொல்வது வெறும் வசனம் இல்லை. 1966 மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு, காவலில் வைத்து விசாரிக்கும் முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இலவச வக்கீல் உரிமைக்குப் பின்னால் ஒரு கைதியின் பென்சில் எழுத்து இருக்கிறது. 1961-ல் ஃபுளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தில் திருடியதாக கிடியன் என்பவர் கைதானார். வக்கீல் வைக்கப் பணமில்லை, கோர்ட்டும் தர மறுத்தது. தானே வாதாடித் தோற்று 5 ஆண்டு தண்டனை பெற்றார். சிறைத் தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில் வக்கீல் வந்தார், ஜூரி விடுதலை செய்தது!

பிளீ டீல்: கையெழுத்துக்கு முன் கவனம்

சினிமாவில் காட்டும் ஜூரி விசாரணை நிஜத்தில் அபூர்வம். ஃபெடரல் நீதிமன்றங்களில் குற்றத்தீர்ப்புகளில் 97 சதவீதமும், மாநிலங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. 'சின்னக் குற்றமா ஒத்துக்கோங்க, தண்டனை குறையும்' என்பதுதான் பிளீ டீல். விசாரணைக்குப் போய்த் தோற்றால் தண்டனை பல மடங்கு ஆகலாம் என்ற பயத்தில், தப்பு செய்யாதவர்கூட கையெழுத்துப் போடும் வாய்ப்பு இதில் உண்டு. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

அங்கே படிக்கும், வேலை பார்க்கும் நம்ம ஊர் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு, கடையில் சின்னத் திருட்டு என்று ஒப்புக்கொள்வதுகூட விசாவுக்கு வேட்டு வைக்கலாம், நாடு கடத்தல் வரை போகலாம். இந்த ஆபத்தை வக்கீல் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் பாடில்லா வழக்கில் தீர்ப்பு வந்தது. சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: 'இதுக்கு ஒத்துக்கிட்டா என் விசா என்ன ஆகும்?'

நாடு கடத்தல் வழக்கு நடக்கும் குடியேற்ற நீதிமன்றம் மேலே சொன்ன இரண்டு அமைப்புகளிலும் சேராது. அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அங்கே ஜூரி கிடையாது. கிடியனுக்குக் கிடைத்த இலவச வக்கீல் உரிமையும் கிடையாது, சொந்தச் செலவில்தான் வைக்க வேண்டும்.

வெளிநாட்டவர் கைதானால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுமாறு கேட்கலாம். 1963 வியன்னா உடன்படிக்கை கொடுத்த உரிமை இது. வாஷிங்டனில் தூதரகம் தவிர நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் நகரங்களில் இந்தியத் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் அலுவலகத்தின் நம்பரை, போனில் மட்டும் இல்லாமல் ஒரு தாளிலும் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. கைதானால் போன் கையில் இருக்காது.