டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்பு: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சிறுநீரகங்கள் செயலிழக்கும்போது இரத்தத்தில் தேங்கும் கழிவுகளையும் மிகுதியான நீரையும், உடலுக்கு வெளியே இயந்திரத்தின் துணையுடன் வடிகட்டி நீக்கும் சிகிச்சை ஹீமோடயாலிசிஸ் ஆகும். மக்கள் வழக்கில் இது டயாலிசிஸ் என்றே அறியப்படுகிறது.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். நலமான சிறுநீரகங்கள் அவ்வளவு நேரமும் இரத்தத்தை வடிகட்டுகின்றன. இயந்திரமோ, வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என 12 மணி நேரமே இப்பணியைச் செய்கிறது. எஞ்சிய 156 மணி நேரத்தில் உடலில் எவ்வளவு நீரும் உப்பும் சேர்கின்றன என்பது பெரும்பாலும் உங்கள் வீட்டில்தான் முடிவாகிறது. எனவே இச்சிகிச்சையில் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் பெரும் பங்கு உண்டு.

டயாலிசிஸ் எப்போது தேவைப்படுகிறது?

கிரியாட்டினின் அளவை மட்டும் கொண்டு மருத்துவர் இதனை முடிவு செய்வதில்லை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல், மருந்துக்குக் குறையாத பொட்டாசியம் உயர்வு, ஓயாத குமட்டலும் வாந்தியும், மனக்குழப்பம், சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்யப்படுகிறது.

“ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டும்” என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் பலர். கண்ணாடிவிரியன் கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சிறுநீரகம் திடீரென செயலிழந்தால், சில நாட்கள் அல்லது சில வாரங்கள் டயாலிசிஸ் செய்தபின் பலருக்கு அது மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆண்டுக்கணக்கில் படிப்படியாகச் செயலிழந்த சிறுநீரகம் மீள்வதில்லை. அந்நிலையில் டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை தொடர்ந்து தேவைப்படும். இரு நிலைகளிலும் தாமதமே உயிருக்கு ஆபத்தாகிறது.

இயந்திரம் எவ்வாறு செயல்படுகிறது?

இரு ஊசிகளில் ஒன்றின் வழியே இரத்தம் வெளியே எடுக்கப்பட்டு, டயாலைசர் என்னும் உருளைக்குள் செலுத்தப்படுகிறது. அதனுள் மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உள்ளன. குழாய்களின் உள்ளே இரத்தமும், வெளியே தூய நீரில் உப்புகள் கலந்த திரவமும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. யூரியா, மிகுதியான பொட்டாசியம் ஆகியவை குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியே திரவத்திற்குள் கடந்து செல்கின்றன. இரத்த அணுக்களும் புரதங்களும் பெரியவை என்பதால் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. தூய்மையான இரத்தம் மற்றோர் ஊசி வழியே உடலுக்குத் திரும்புகிறது. இரத்தம் உறையாதிருக்கப் பெரும்பாலும் ஹெப்பாரின் மருந்து செலுத்தப்படும்.

“உடலிலுள்ள இரத்தம் முழுவதையும் எடுத்துவிடுவார்களா?” என்று பலர் கேட்பதுண்டு. ஒரு நேரத்தில் உடலுக்கு வெளியே இருப்பது ஏறத்தாழ ஒரு தேநீர்க் குவளை அளவு இரத்தமே.

இயந்திரத்தால் இயலாதவையும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரை அதனால் சுரக்க முடியாது. அதனால்தான் இரத்தசோகைக்குத் தனியே ஊசி போடப்படுகிறது. பாஸ்பரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை உணவுடன் சேர்த்தே உட்கொள்ள வேண்டும்.

ஃபிஸ்டுலா பராமரிப்பு

கையிலுள்ள தமனியையும் சிரையையும் சிறு அறுவை சிகிச்சையால் இணைத்து ஃபிஸ்டுலா உருவாக்கப்படுகிறது. 1966-ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட இம்முறையே இன்றும் சிறந்ததாகக் கருதப்படுகிறது. அது முதிர்ந்து பயன்பாட்டிற்கு வர ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், மருத்துவர் அறிவுறுத்தியவுடன் செய்துகொள்வது நல்லது.

• ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ, குளுக்கோஸ் ஏற்றவோ அனுமதிக்காதீர்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றால் நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள்.
• இறுக்கமான வளையல், கைக்கடிகாரம் அணிவதையும், அக்கையின் மேல் தலைவைத்துத் தூங்குவதையும், பளு தூக்குவதையும் தவிர்க்கவும்.
• நாள்தோறும் காலையில் விரல்களால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய அதிர்வு உணரப்பட வேண்டும். அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். விரைந்து சென்றால் அடைப்பை நீக்க இயலும்.
• கழுத்தில் தற்காலிகக் குழாய் பொருத்தியிருந்தால் அவ்விடத்தில் நீர் படக்கூடாது.

நீரும் உணவும்

பொதுவாக, ஒரு நாளில் கழியும் சிறுநீரின் அளவுடன் 500 மில்லி லிட்டர் சேர்த்து அவ்வளவே பருகலாம். உங்களுக்குரிய அளவை மருத்துவர் குறிப்பிடுவார். காபி, மோர், ரசம், கஞ்சி ஆகியவையும் இக்கணக்கில் அடங்கும். எளிய வழி ஒன்று: அன்றைய அளவு நீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். காபியோ மோரோ பருகும்போது அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய அளவு முடிந்தது. உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

உடலில் தேங்கும் ஒரு லிட்டர் நீர் எடையில் ஒரு கிலோவாகத் தெரியும். எனவே நாள்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மிகுதியான நீரை நான்கு மணி நேரத்தில் வெளியேற்ற நேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து, தசைப்பிடிப்பும் மயக்கமும் ஏற்படலாம்.

பொட்டாசியம் மிகுந்தால் எந்த முன்னறிகுறியும் இன்றி இதயம் நின்றுவிடக்கூடும். இளநீர் உடலுக்குக் குளிர்ச்சி என்றும், வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகத்திற்கு நல்லது என்றும் உறவினர் அன்புடன் கொடுப்பர். டயாலிசிஸ் நோயாளிக்கு இவை ஆபத்தானவை. வாழைப்பழம், பழச்சாறுகள், உலர் பழங்கள் ஆகியவற்றையும், பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பையும் தவிர்க்கவும். நட்சத்திரப் பழத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அது மூளையைப் பாதித்து வலிப்பை உண்டாக்கும். காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைக்கவும்.

புரதத்தைக் குறைக்க வேண்டாம். டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதக் கட்டுப்பாடு அறிவுறுத்தப்பட்டிருக்கலாம். தொடங்கிய பின் புரதத்தின் தேவை கூடுகிறது. முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டறியவும்.

ஒரு முறையையும் தவறவிடாதீர்கள்

திருமணம், திருவிழா, கூலி இழப்பு, பேருந்துச் செலவு போன்ற காரணங்களால் “இம்முறை மட்டும் விட்டுவிடலாம்” என்று எண்ணத் தோன்றும். மூச்சுத்திணறலுடன் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருவோரில் பலர் அவ்வாறு ஒரு முறையைத் தவறவிட்டவர்களே. வாரத்தில் ஒருமுறை வரும் இரண்டு நாள் இடைவெளியே ஆபத்து மிகுந்தது. ஒரு முறை தவறினால் அது மேலும் நீள்கிறது. தவிர்க்க இயலாத பயணம் எனில், டயாலிசிஸ் மையத்தில் முன்கூட்டியே தெரிவித்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது செல்லும் ஊரில் செய்துகொள்ள மருத்துவக் குறிப்புகளைப் பெற்றுச் செல்லுங்கள். செலவே காரணமெனில் அதனை மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• படுத்தால் மூச்சுத்திணறல்
• திடீர்த் தசைத்தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, நெஞ்சுவலி
• குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
• ஃபிஸ்டுலாவிலிருந்து நிற்காத இரத்தக்கசிவு: தூய துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐ அழைக்கவும்.

அரசு உதவிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பங்கள் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி டயாலிசிஸ் பெறலாம். வயிற்றினுள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யப்படும் டயாலிசிஸ் முறைக்கான திரவப் பைகள், 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வழங்கப்படுகின்றன. சிறுநீரக மாற்று சிகிச்சைக்குத் தகுதி உள்ளதா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஐயங்களுக்கு 104 உதவி எண்ணை அழைக்கலாம்.

டயாலிசிஸ் செய்துகொண்டே பணிக்குச் செல்வோரும், குடும்பப் பொறுப்புகளைச் சுமப்போரும் பலர் உள்ளனர். அடுத்த முறை வரும்போது உங்கள் எடைக் குறிப்பையும், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் தவறாது கொண்டு வாருங்கள்.