மார்ச் மாதத்துக்குப் போய்விட்ட ஐம்பதாயிரம் ரூபாய்

போன வாரம் ஓய்வூதியர் சங்க நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "சார், பேங்க் ஸ்டேட்மென்டை டவுன்லோட் பண்ணி எக்செல்லில் திறந்தா தேதியெல்லாம் தாறுமாறா இருக்கு. பேங்க் தப்பா, என் கம்ப்யூட்டர் தப்பா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் பேசினேன். அதையே இங்கே எழுதிவைக்கிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சரித்திரம் நடத்தியவனுக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

முதலில் எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்பது. எங்கள் பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கல்வி உதவி நிதி ஒன்று உண்டு. எனக்கு முன் அதன் பொருளாளராக இருந்தவர் என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர். சாக்பீஸைக்கூட எண்ணி வாங்குகிறவர். 2022 டிசம்பரில், ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கான வரவுப் பட்டியலைச் செயற்குழுவில் வைத்தார். கோயம்புத்தூரில் தொழில் செய்யும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஏப்ரல் மூணாம் தேதி ஐம்பதாயிரம் அனுப்பினேன். ரசீதும் வரலை, பட்டியலிலும் இல்லையே சார்" என்றார். இவர் திகைத்துப்போனார். பணம் வங்கியில் அப்படியே இருந்தது, ஒரு பைசா குறையவில்லை. ஆனால் வரவேட்டில் இல்லாத பணம் என்றால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேநீர் இடைவேளையிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். பிப்ரவரியில் அவர் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். பெட்டியும் பாஸ்புக்கும் ஒரு பென் டிரைவும் என்னிடம் வந்தன.

பென் டிரைவில் அவர் வங்கியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பு இருந்தது. சிஎஸ்வி கோப்பு. அதை நோட்பேடில் திறந்தேன். 03/04/2022, பிறகு பெயர், பிறகு 50000. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதே கோப்பை எக்செல்லில் திறந்து, தேதியை மாதப் பெயரோடு காட்டச் சொன்னேன். 4 மார்ச் 2022 என்றது.

இனி சரித்திரம்.

கமா போட்டுத் தகவல்களைப் பிரிக்கும் பழக்கம் எக்செல்லைவிட மூத்தது. அட்டையில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுத்த காலத்தில் ஒரு அட்டைக்கு 80 இடம். எந்த எண் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று கணக்கு உண்டு, ஒரு இடம் தள்ளி அடித்தால் எண்ணே மாறிவிடும். 1972-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழிபெயர்ப்பி, இடம் பார்க்காமல் கமா போட்டு எண்களை வரிசையாகக் கொடுத்தால் போதும் என்ற வசதியைத் தந்தது. சிஎஸ்வியின் பூர்வீகம் அது. அதற்கு இலக்கணம் எழுதியவர் யாரும் இல்லை. ஆளுக்கு ஒரு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் அந்த வழக்கங்களைத் தொகுத்து எழுதியது 2005-இல். அதிலும் தேதியை எப்படி எழுதுவது என்று ஒரு வார்த்தை கிடையாது. எண் எது, தேதி எது, பெயர் எது என்று அந்தக் கோப்பு சொல்வதே இல்லை. வெறும் எழுத்துகள், நடுவில் கமா, அவ்வளவுதான்.

மறுபக்கம் விரிதாளின் கதை. 1978-இல் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் வரிசையாகப் பல எண்களை அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து யோசித்தார். (கரும்பலகை முன் நின்ற நம்மில் எத்தனை பேர் அதே துணியால் அழித்தோம்! நமக்குத் தோன்றவில்லை.) அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. தேதியை நாள் எண்ணாக வைத்துக்கொண்டது லோட்டஸ். 1900 ஜனவரி 1 என்றால் 1, அடுத்த நாள் 2, இப்படியே. இதில் ஒரு வேடிக்கை. 1900 லீப் வருஷம் அல்ல. லோட்டஸ் அதை லீப் வருஷமாக வைத்து, இல்லாத பிப்ரவரி 29-க்கும் ஒரு எண் கொடுத்துவிட்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே அந்தத் தவறையும் எடுத்துக்கொண்டது. இன்றும் எக்செல்லில் 60 என்று அடித்துத் தேதியாகக் காட்டச் சொன்னால் 1900 பிப்ரவரி 29 வரும்.

இப்போது இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு வாருங்கள். வங்கி கொடுப்பது எழுத்து. எக்செல்லுக்கு வேண்டியது நாள் எண். நடுவில் ஊகம். எக்செல் ஊகிக்கும்போது கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கிறது. அவர் கணினியில் அது அமெரிக்காவாக இருந்தது, கடையில் வாங்கியபோது இருந்தபடியே. அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில், நாள் அடுத்து. ஆகவே 03/04 என்பது மார்ச் 4. 44,654 என்று இருக்க வேண்டிய நாள் எண் 44,624 ஆகிவிட்டது. திரையில் தெரிவதோ 3/4/2022. பார்க்கிறவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

18/04 என்று வந்தால்? பதினெட்டாம் மாதம் கிடையாது, அதனால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். அது கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டி நிற்கும். நம் கணக்கு ஆசிரியர் அவற்றைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கையால் அடித்துத் திருத்தினார். 12-ஆம் தேதி வரையுள்ளவை வலது ஓரமாக ஒழுங்காக நின்றன, தொடவில்லை. பிறகு தேதி வரிசையில் அடுக்கினார். 2022 ஏப்ரல் 1-க்கு முந்தைய தேதியோடு மேலே வந்தவற்றை, போன வருஷக் கணக்கில் முடிந்தவை என்று நினைத்து நீக்கினார். போன வருஷக் கணக்கிலும் அவை இல்லை. ஏப்ரல் 3, ஜூலை 1, அக்டோபர் 2 என்று மூன்று வரவுகள், மொத்தம் 61,000 ரூபாய், எந்த வருஷத்திலும் இல்லாமல் போயின. மற்ற மாதங்களுக்குள் இடம் மாறியவை கூட்டுத்தொகையைப் பாதிக்காததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகரமா ஏகாரமா என்று பெயர்த்தெழுதியவர்தான் தீர்மானிக்க வேண்டும். புரியாத இடத்தில் அவர் நின்று யோசிப்பார். புரிந்ததாக நினைத்த இடத்தில்தான் பாடம் மாறும். எக்செல்லும் ஒரு ஏடெழுதுபவர்தான்.

இது நம்மைப் போன்ற வயதானவர்கள் சிக்கல் என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல்லில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் விஞ்ஞானிகள்தான் இறங்கிவந்தார்கள். 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டார்கள்.

இதற்குத் தீர்வே வரவில்லையா என்றால், வந்தது. 1988-இலேயே ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையைச் சொன்னது. 1997-இல் மைக்ரோசாஃப்ட், இன்டியூட், செக்ஃப்ரீ மூன்றும் சேர்ந்து ஓஎஃப்எக்ஸ் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தன. அதில் தேதி எது, தொகை எது என்று பெயர் எழுதியே இருக்கும், குழப்பத்துக்கு இடமில்லை. நம் ஊரில் நான் பார்த்த வங்கிகள் சிஎஸ்வி, எக்செல், பிடிஎஃப் தருகின்றன.

அதனால் நண்பருக்குச் சொன்னது இதுதான். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செல்லில் புதிய தாள் திறந்து, டேட்டா பகுதிக்குள் போய் அங்கிருந்து கோப்பை உள்ளே எடுங்கள். தேதிப் பத்தி நாள்-மாதம்-வருஷம் என்று நீங்களே சொல்லுங்கள். லிப்ரே ஆஃபிஸில் கோப்பைத் திறக்கும்போதே கேட்கும். யுபிஐ பரிவர்த்தனை எண் பத்தியை எழுத்து என்று குறியுங்கள். 12 இலக்க எண் அது, இல்லாவிட்டால் 4.12 என்று தொடங்கிச் சுருங்கிவிடும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனவை போனவைதான். மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள்.

நோட்பேடில் தெரிந்ததையும் எக்செல்லில் தெரிந்ததையும் அச்செடுத்துக்கொண்டு கணக்கு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பதிமூணுக்கு மேலே எல்லாத்தையும் ராத்திரி உட்கார்ந்து நான்தான் சார் அடிச்சேன். கீழே இருக்கிறது சரியா இருக்குன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் மனைவி உள்ளே இருந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்துப் போனேன். நடந்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். விடுபட்ட மூன்று ரசீதுகளையும் அவரையே எழுதச் சொன்னேன். தேதி எழுதும் இடத்தில், மாதத்தை எண்ணில் போடாமல், "ஏப்ரல்" என்று எழுத்தில் எழுதினார்.